மலாயாவைப் பற்றி பிரிட்டன் யாருக்குக் கணக்குக் கொடுத்தது?

நீங்கள் கேட்டது ஒரு கேள்விபோல் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. "மலாயா காலனியே அல்ல, சுல்தான்கள் கேட்டுக்கொண்டதால் பிரிட்டன் பாதுகாப்புக் கொடுத்தது, அவ்வளவுதான்" என்று சிலர் சொல்கிறார்களே, அப்படியானால் மலாயாவைப் பற்றி ஐக்கிய நாடுகள் சபைக்கு பிரிட்டன் அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது ஏன் என்பது முதலாவது. அந்த அறிக்கையில் என்ன இருந்தது என்பது இரண்டாவது. மூன்றாவதை நீங்கள் வெளிப்படையாகக் கேட்கவில்லை. பேராக் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய உங்கள் தாத்தாவைப் பற்றி எழுதிய கடைசி வரியில் அது ஒளிந்திருக்கிறது. துரைக்கும் (தோட்ட நிர்வாகிக்கும்) அரசாங்கத்துக்கும் மேலே நம் ஆட்களின் குறையைக் கேட்க உலகத்தில் ஓர் இடம் இருந்ததா? கோலாலம்பூரில் பன்னாட்டுச் சட்டம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். சட்டம் என்ன சொன்னது என்பதை உறுதியாகச் சொல்வேன். யார் எதனால் எதைச் செய்தார்கள் என்பது சரித்திரக்காரர்களின் துறை. அங்கே நான் சொல்வதை என் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டாயம் இருந்தது என்பதில் ஐயமில்லை. 1945-ல் சான் பிரான்சிஸ்கோவில் கையெழுத்தான ஐ.நா. சாசனத்தின் 73-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. இன்னும் முழுத் தன்னாட்சி பெறாத மக்கள் வாழும் பகுதிகளை நிர்வகிக்கும் உறுப்பு நாடுகள் அந்த மக்களின் நலனைப் புனிதப் பொறுப்பாக ஏற்க வேண்டும் என்று தொடங்கி, செய்ய வேண்டியவற்றை ஐந்து உட்பிரிவுகளாக அடுக்குகிறது. கடைசி உட்பிரிவுதான் அறிக்கைக் கடமை. இந்தப் பிரிவு காலனி, காப்பு நாடு, முடியாட்சி என்று எந்தப் பாகுபாடும் பார்ப்பதில்லை. அங்கே வாழ்பவர்கள் தங்களைத் தாங்களே ஆள்கிறார்களா என்பதுதான் ஒரே அளவுகோல்.

1946 டிசம்பர் 14 அன்று பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானத்தில் எட்டு நாடுகள் நிர்வகித்த 74 பகுதிகளின் பட்டியல் இருக்கிறது. பிரிட்டன் தானே கொடுத்த பெயர்களில் மலாயன் யூனியன், சிங்கப்பூர், சரவாக், வட போர்னியோ, புருணை எல்லாம் உண்டு. சொந்த சுல்தானும் அரச பரம்பரையும் இருந்த மொரோக்கோவையும் துனிசியாவையும் பிரான்ஸ் அதே பட்டியலில் சேர்த்தது. ஆகவே சுல்தான்கள் இருந்தார்கள் என்பது இங்கே எடுபடும் வாதம் அல்ல. அதற்காக அந்த வாதம் வெறும் கற்பனையும் அல்ல. 1894-ல் லண்டனில் ஒரு பெண்மணி, திருமணம் செய்துகொள்வதாக வாக்களித்து ஏமாற்றிவிட்டார் என்று ஜொகூர் சுல்தான் மீது வழக்குத் தொடுத்தபோது, அவர் இறையாண்மை கொண்ட அரசர், இங்கிலாந்து நீதிமன்றம் அவரை விசாரிக்க முடியாது என்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள். (ஆல்பர்ட் பேக்கர் என்ற பெயரில் பழகிய சுல்தான் அவர். மாணவர்கள் ஒருபோதும் மறக்காத வழக்கு இது.) பினாங்கும் மலாக்காவும் எந்த ஐயமும் இல்லாமல் பிரிட்டிஷ் முடியின் காலனிகள், மலாய் மாநிலங்கள் சட்டப்படி காப்பு நாடுகள், அதாவது தங்கள் அரசரை வைத்துக்கொண்டே பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்தவை. மலாயா காலனியா இல்லையா என்று 2011-ல் நம் நாட்டில் எழுந்த சர்ச்சையில் இரண்டு தரப்பும் ஆளுக்கொரு பாதியைப் பிடித்துக்கொண்டு சண்டையிட்டன. காகிதத்தில் இறையாண்மை யாருடையது என்பது ஒரு கேள்வி. ஆட்சி யார் கையில் இருந்தது என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு 1946-ல் பிரிட்டன் தன் கையால் எழுதிக் கொடுத்த பதில் அந்தப் பட்டியல்.

இனி அறிக்கையில் என்ன இருந்தது என்பது. பொருளாதாரம், சமூகம், கல்வி ஆகியவை பற்றிய புள்ளிவிவரங்களையும் மற்றத் தொழில்நுட்பத் தகவல்களையும், தகவலுக்காக மட்டும், ஐ.நா. பொதுச்செயலாளருக்கு ஒழுங்காக அனுப்ப வேண்டும். பாதுகாப்பும் அரசமைப்பும் அனுமதிக்கும் அளவுக்கு அனுப்பினால் போதும். அந்த வாசகத்தில் இல்லாததைக் கவனியுங்கள். அரசியல் இல்லை. யாருக்கு வாக்குரிமை உண்டு, யார் சிறையில் இருக்கிறார்கள், எந்தச் சங்கம் தடை செய்யப்பட்டிருக்கிறது என்று எதையும் சொல்ல வேண்டியதில்லை. 1947-ல் ஐ.நா. ஒரு மாதிரிப் படிவம் தயாரித்தபோதும், ஆட்சிமுறையும் மனித உரிமையும் விருப்பமிருந்தால் நிரப்பலாம் என்ற பகுதிக்குள்தான் போயின. வந்த தகவலைப் பரிசீலிக்க ஒரு குழு அமைந்தது. அதில் ஆளும் நாடுகளும் மற்ற நாடுகளும் சம எண்ணிக்கையில் உட்கார்ந்தன, இந்தியாவும் இருந்தது. கல்வி, பொருளாதாரம், சமூகம் என்று ஆண்டுக்கொரு துறையை எடுத்துப் பேசினார்கள். 1950-ல் கல்வி. ஆனால் குழுவின் கையில் ஒரு விலங்கு. பொதுவாகக் கல்வியைப் பற்றிப் பரிந்துரை செய்யலாம். குறிப்பிட்ட ஒரு பகுதியைச் சுட்டி, மலாயாவில் இதைச் செய் என்று சொல்லக் கூடாது.

நம் தமிழ்ப் பள்ளிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி, ஏழு முதல் பதினான்கு வயதுவரை பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்துவது முதலாளியின் பொறுப்பு. பல தோட்டங்களில் அது எப்படி நடந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) ஓரத்தில் ஒரு கொட்டகை, எழுதப் படிக்கத் தெரிந்த கிராணி (தோட்டக் கணக்கர்) ஒருவரோ கங்காணி ஒருவரோ வாத்தியார், எல்லா வகுப்புக்கும் ஒரே பாய். காலையில் பால் வெட்டப் போன தாய் திரும்பும்வரை தம்பி தங்கையை இடுப்பில் சுமந்துகொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகள். இவ்வளவும் ஆண்டறிக்கையின் அட்டவணையில் தமிழ்ப் பள்ளிகள் என்ற வரிசையில் ஓர் எண்ணாகிவிடும். அந்தப் பள்ளியும் ஒன்று. பட்டணத்தில் கற்கட்டடத்தில், பயிற்சி பெற்ற ஆசிரியரோடு நடந்த பள்ளியும் ஒன்று. எண் பொய்யில்லை என்பதுதான் இதில் சிக்கல். செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வருகைப் பதிவேட்டில், கிராணி எழுதியதைத் துரை பார்த்துக் கையெழுத்துப் போடுவாரே தவிர, பால் வெட்டும் வெட்டுக்காட்டில் நிற்பவரைக் கூப்பிட்டு இது சரியா என்று யாரும் கேட்டதில்லை. 73-ஆம் பிரிவின் அறிக்கையும் அதே மாதிரிதான்.

வெட்டுக்காட்டில் நிற்பவரைக் கேட்கும் ஏற்பாடு உலகத்தில் இல்லாமலில்லை. பொறுப்பாட்சிப் பகுதிகள் என்று பதினொன்று இருந்தன. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியிடமிருந்தும் துருக்கியிடமிருந்தும் பறித்த நாடுகளை நிர்வகித்தவர்கள் சர்வதேச சங்கத்துக்கு ஆண்டுதோறும் அறிக்கை கொடுத்து, நேரில் வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வழக்கம் ஐ.நா.வில் பொறுப்பாட்சி மன்றமாக வளர்ந்தது. அங்கே மக்கள் நேரடியாக மனு அனுப்பலாம். மன்றம் அந்த நாட்டுக்கே பார்வைக் குழு அனுப்பலாம். 1954-ல் அமெரிக்காவின் ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் பாதிக்கப்பட்ட மார்ஷல் தீவு மக்கள் மனு அனுப்பினார்கள். 1955-ல் தங்கனிக்காவிலிருந்து ஜூலியஸ் நைரேரே நியூயார்க் போய் மன்றத்தின் முன் பேசினார். தங்கனிக்காவையும் ஆண்டது பிரிட்டன். மலாயாவையும் ஆண்டது பிரிட்டன். ஆனால் தங்கனிக்கா ஒரு காலத்தில் ஜெர்மனியிடம் இருந்தது, மலாயா இருக்கவில்லை. நைரேரேக்குக் கிடைத்த நாற்காலி நம்மவர்களுக்கு எட்டாமல் போனதற்குக் காரணம் அவ்வளவுதான். விரும்பினால் தன் சொந்தக் காலனியையும் இந்த ஏற்பாட்டின் கீழ் வைக்கலாம் என்று சாசனம் இடம் கொடுத்தது. ஒரு வல்லரசுகூட அப்படிச் செய்யவில்லை. 1948-ல் அமைந்த மலாயாக் கூட்டரசிலிருந்து பினாங்கு பிரிய வேண்டும் என்று அதன்பின் இயக்கம் நடத்திய பினாங்குப் பிரமுகர்கள் தங்கள் மனுவை லண்டனுக்குத்தான் அனுப்பினார்கள். நியூயார்க்குக்கு அனுப்ப வழியே இல்லை.

இது வெறும் சட்ட நுணுக்கமாகப் படலாம். 1948-1950 காலத்தை எடுத்துக்கொண்டால் அப்படித் தோன்றாது. 1948 ஜூனில் அவசரகாலம் பிறப்பித்தார்கள். அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனம் தடை செய்யப்பட்டது. அதன் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் உயிரைக் காக்க இந்திய அரசு லண்டனிடம் மன்றாடியது. பலிக்கவில்லை. 73-ஆம் பிரிவின் அறிக்கையில் இது இடம்பெற வேண்டிய கட்டாயம் எந்த வகையிலும் இல்லை. அது அரசியல், போதாக்குறைக்குப் பாதுகாப்பு. அதே காலத்தில் சம்பாசிவம் என்பவருக்கும் ஆயுதச் சட்டத்தின்கீழ் மறுவிசாரணையில் தூக்குத் தண்டனை விதித்தார்கள். அவர் தப்பித்தார். 1950-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. தோட்டாக்கள் வைத்திருந்த குற்றத்தில் ஏற்கெனவே விடுதலை பெற்றவரை, அதே ஒப்புதல் வாக்குமூலத்தைக் காட்டித் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்தில் தண்டிக்கச் சொன்னது தவறு என்று தீர்ப்பு. உலகமெங்கும் சட்ட மாணவர்கள் இன்றும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். மலாயாத் தமிழன் ஒருவன் நாட்டுக்கு வெளியே சென்று நீதி கேட்கக்கூடிய வாசல் ஏகாதிபத்தியத்தின் சொந்த மேல் நீதிமன்றம்தான் என்பதை நான் வகுப்பில் கசப்போடுதான் சொல்வேன்.

ஐ.நா.வுக்கு முன்பே நம் ஆட்களுக்கு வேறொரு காது இருந்தது. இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் 1922-ல் வந்த பின் இந்திய அரசின் ஏஜெண்டு ஒருவர் கோலாலம்பூரில் அலுவலகம் வைத்து உட்கார்ந்தார். தோட்டங்களுக்குப் போய்ப் பார்ப்பார், புகார் வாங்குவார், ஆண்டுதோறும் அறிக்கை எழுதுவார். கூலி, லயத்தின் நிலை, மருத்துவமனை, கள்ளுக்கடை, ஆண்-பெண் விகிதம் எல்லாம் அந்த அறிக்கைகளில் வரும். அவரும் ஓர் ஏகாதிபத்திய அதிகாரிதான். துரைமாரோடு ஒரே மேசையில் தேநீர் குடித்தவர்தான். இருந்தாலும் அவர் அறிக்கைக்குப் பின்னால் ஒரு பலம் இருந்தது. ஆள் அனுப்புவதை நிறுத்திவிடுவோம் என்று இந்தியா சொல்ல முடியும். சொல்லவும் சொன்னது. ரப்பர் விலை சரிந்து தோட்டத்துக் கூலியைக் குறைத்தபோது, 1938-ல், பயணச் செலவுக்கு உதவி பெற்றுத் தொழிலாளர் குடிபெயர்வதை இந்திய அரசு தடை செய்தது. ஐ.நா.வுக்கு ஆண்டுதோறும் போன அறிக்கைகளில் எதுவும் மலாயாத் துரைமாருக்கு அப்படி ஓர் அதிர்ச்சி கொடுத்ததாக நான் கண்டதில்லை.

இன்னொரு வாசல் ஜெனீவாவில் இருந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1947-ல், சார்புப் பகுதிகளுக்கென்றே சமூகக் கொள்கை, சங்கம் சேரும் உரிமை, தொழிலாளர் கண்காணிப்பு பற்றி உடன்படிக்கைகள் செய்தது. ஓர் உடன்படிக்கையை ஏற்ற நாடு அதை எப்படி நடைமுறைப்படுத்துகிறது என்று அறிக்கை கொடுக்க வேண்டும். வல்லுநர் குழு அதைப் படித்துக் கேள்வி எழுப்பும். மாநாட்டில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்கார்ந்திருப்பார்கள். 'தொழிற்சங்கம்' என்ற சொல்லை இங்கே தவிர்க்க முடியாது. அறிக்கைக் கடமை என்றால் அதைப் படிப்பவர் யார், படித்தபின் கேள்வி கேட்க அவருக்கு அதிகாரம் உண்டா என்பதுதான் முக்கியம். தாளின் கனத்தை வைத்து மதிப்பிடக் கூடாது.

அப்படியானால் 73-ஆம் பிரிவு வீணா? இல்லை. அதன் பலன் அறிக்கைக்குள் இருக்கவில்லை. அறிக்கையை நிறுத்தும்போது வந்தது. ஒரு நாடு ஏதாவது ஒரு பகுதியைப் பற்றித் தகவல் அனுப்புவதை நிறுத்தினால் அதற்கான அரசமைப்பு மாற்றத்தை ஐ.நா.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1948-ல் ஒரு தீர்மானம் வந்தது. வெறும் தகவலுக்காக என்று ஒப்புக்கொண்ட கடமை, 'எப்போது விடுதலை தருவாய், விடுதலை தந்துவிட்டாய் என்று தீர்மானிப்பது யார்' என்ற சண்டையாக மாறியது அங்கேதான். 1953-ல் போர்ட்டோ ரிகோவைப் பற்றி அறிக்கை அனுப்புவதை அமெரிக்கா நிறுத்தியபோது பொதுச்சபையில் கடும் விவாதம் நடந்தது. 1955-ல் உறுப்பினரான போர்த்துக்கல், தனக்குக் காலனிகளே இல்லை, அங்கோலாவும் கோவாவும் கடல்கடந்த மாகாணங்கள் என்று அடித்துச் சொன்னது. 1960 டிசம்பரில் பொதுச்சபை அதற்கு மூன்று தீர்மானங்களில் பதில் சொன்னது. 14-ஆம் தேதி குடியேற்ற ஆட்சிக்கு முடிவு கட்டும் பிரகடனம்: ஆதரவு 89, எதிர்ப்பு பூஜ்யம், ஒதுங்கியவர்கள் 9, ஆதரித்தவர்களில் மூன்றே வயதான மலாயாவும் ஒன்று. மறுநாள், எது சார்புப் பகுதி என்று சொல்லும் பன்னிரண்டு கோட்பாடுகளும், போர்த்துக்கலின் பகுதிகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்ட தீர்மானமும். பாதுகாப்பைக் காரணம் காட்டித் தகவலின் அளவைக் குறைக்கலாமே தவிர, கடமையிலிருந்தே தப்ப முடியாது என்பதும் அந்தக் கோட்பாடுகளில் ஒன்று. போர்த்துக்கலோ 1974 புரட்சிவரை அசையவில்லை. பின்னர் கிழக்குத் திமோருக்காக ஆஸ்திரேலியா மீது ஹேக்கில் உள்ள பன்னாட்டு நீதிமன்றத்தில் அது வழக்குத் தொடுத்தபோது, 'நிர்வகிக்கும் நாடு' என்ற அதே தகுதியைச் சொல்லிக்கொண்டுதான் வாசலேறியது.

நம் பகுதியிலேயே இதன் பலனை அனுபவித்தவர்கள் சரவாக், சபா (அன்றைய வட போர்னியோ) மக்கள். மலேசியா அமைவதற்கு முன், 1963-ல், பொதுச்செயலாளர் ஊ தாண்ட் அனுப்பிய மைக்கேல்மோர் குழு அங்கே போய் மக்கள் விருப்பத்தை ஆராய்ந்தது. அந்தக் கோட்பாடுகளின்படிதான் குழுவுக்குப் பணி கொடுத்தார்கள். மலேசியா நாள் ஆகஸ்டு 31-லிருந்து செப்டம்பர் 16-க்குத் தள்ளிப்போனது அதனால்தான். மிகக் குறுகிய காலத்தில் நடந்த அந்த ஆய்வு போதுமானதா என்று சரவாக் தலைநகர் கூச்சிங்கில் இன்றும் வாதிடுகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஐ.நா. வந்து கேட்டது. மலாயாவில் அது 1957-ல் நடக்கவில்லை. விடுதலை வந்தது, செப்டம்பர் 17 அன்று 82-ஆவது உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள், பட்டியலிலிருந்து பெயர் போனது.

அறிக்கைக் கடமைதான் மெர்டேகாவை (விடுதலையை) விரைவுபடுத்தியதா என்று நீங்கள் கேட்டால், இங்கிருந்து வருவது என் கருத்து. பெரிதாக இல்லை என்றே நினைக்கிறேன். அவசரகாலத்தின் செலவும், 1955 தேர்தலில் 52 இடங்களில் 51-ஐ விடுதலை கோரிய கூட்டணிக் கட்சி பிடித்ததும், சொந்த அரசு தந்தால்தான் கம்யூனிஸ்டுகளின் வாதத்தை முறியடிக்க முடியும் என்ற லண்டனின் கணக்கும் அதைவிடப் பல மடங்கு எடை கொண்டவை. மாறாக எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் நியூயார்க்கில் கேள்வி கேட்கப்படும் என்ற உறுத்தல் காலனி அலுவலகத்தின் பழக்கங்களை மாற்றியது என்பது அவர்கள் வாதம். அதை எண்களால் நிறுவவும் முடியாது, ஒதுக்கிவிடவும் முடியாது.

உங்கள் தாத்தாவைத் தேட ஐ.நா. ஆவணங்களுக்குள் போக வேண்டாம். அவை மலாயாவைச் சில பக்கங்களில் சுருக்கியவை. 1947 கணக்கெடுப்பில் கூட்டரசில் இருந்த சுமார் 5.3 லட்சம் இந்தியர்களில் ஓர் ஆளைக்கூட அங்கே பார்க்க முடியாது. கோலாலம்பூர் அர்க்கிப் நெகாராவில் (தேசிய ஆவணக் காப்பகத்தில்) தொழிலாளர் இலாகாவின் ஆண்டறிக்கைகளையும், போருக்கு முந்தைய காலத்துக்கு இந்திய ஏஜெண்டின் அறிக்கைகளையும் கேளுங்கள். லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் சி.ஓ. 717 என்ற தொடர் மலாய் மாநிலங்களின் கடிதப் போக்குவரத்து. வேலைநிறுத்தம், புகார் என்று ஏதாவது நடந்த தோட்டமாக இருந்தால் அதில் பெயர் வர வாய்ப்பு உண்டு. போவதற்கு முன் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் சொல்வது நம்மவர்கள் வைத்த பெயராக இருக்கும். கோப்பில் அது இருக்காது. தாத்தாவின் பழைய அடையாள அட்டையோ, உங்கள் அப்பாவின் பிறப்புப் பத்திரமோ கையில் இருந்தால் பிறந்த இடம் என்ற கட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலும் தோட்டத்தின் பெயர் அங்கே இருக்கும்.